பின்பாதி உன்னிடம் இருந்தது, பர்வீன்

என் பர்வீனுக்கு,

இன்றைக்கும் கம்பெனி பஸ் நீ ஏறுகிற குருபரப்பள்ளியில் நின்றது. கிருஷ்ணகிரியில் ஏறியதுமே பக்கத்து சீட்டில் பையை வைத்து உனக்கு இடம் பிடித்துவிடுகிறேன். நீ மஞ்சள் காமாலையில் போய் ஒன்பது மாதம் ஆகிறது, கை மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது.

நம் கூத்தை மற்றவர்களும் தெரிந்துகொள்ளட்டுமே. புத்தகம் ஒன்று, பொறுமையில்லாதவர்கள் இரண்டு பேர். பேக்கிங் செக்‌ஷன் ஆளாயிற்றே நீ, கட்டர் வைத்துப் புத்தகத்தை நடுவில் அறுத்து, இரண்டு பாதிக்கும் பிரவுன் டேப் ஒட்டிவிடுவாய். டேப் கடையில் வாங்கியது என்று சத்தியம் வேறு செய்வாய். நான் நம்பவில்லை, அது வேறு விஷயம்.

முன்பாதி எனக்கு, பின்பாதி உனக்கு, முடித்ததும் மாற்றிக்கொள்வோம். உலகத்தில் யாராவது இப்படிப் படிப்பார்களா? "முடிவு தெரிஞ்சிட்டா நிம்மதியா படிக்கலாம்க்கா. உனக்குத்தான் எல்லாத்துக்கும் பதட்டம்" என்பாய். ஆனால் ஒரு நாளும் எனக்கு முடிவைச் சொன்னதில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாய், பாவி.

எனக்குப் பழைய நாவல்கள்தான் பிடிக்கும். ஒரு கல்யாணத்தை நாற்பது பக்கம் எழுதுவார்கள், பந்தியில் உட்கார்ந்து எழுந்த மாதிரி இருக்கும். உனக்குப் புதிதாக வருகிற மெல்லிசுப் புத்தகங்கள். போன வாரம் அப்படி ஒன்று படித்தேன். நம்மைப் போலக் கம்பெனி லைனில் நாள் முழுக்க நின்று வேலை செய்கிற பெண்ணைப் பற்றியது, நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். ஆனால் புத்தகம் முடியும்வரை அவளுக்கு ஒரு தடவைகூடக் கால் வலிக்கவில்லை. நீ இருந்திருந்தால் எழுதியவரைக் கிழித்திருப்பாய்.

கடைசியாக அறுத்தோமே, அண்ணன் தம்பி சண்டை நாவல், அதன் பின்பாதி உன் வீட்டிலேயே தங்கிவிட்டது. புதுப் பிரதி வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அதையும் முடித்துவிட்டால் நமக்குள் மிச்சமென்று ஒன்றும் இருக்காதே என்று பயமாக இருந்தது. உன் வீட்டுக்காரர் ரஃபீக்கிடம் போய்க் கேட்கவும் வாய் வரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவரே பஞ்சர் கடையிலிருந்து போன் செய்தார். "அக்கா, மொதப் பாதி உங்ககிட்டதான இருக்குது? அந்தப் பெரியவரு தம்பி வூட்டுப் பக்கமே ஏன் போவமாட்டேன்றாருன்னு தெரியாம மண்ட காயுது" என்றார். கடையில் ஆள் இல்லாத நேரத்தில் உன் பாதியைப் படித்திருக்கிறார். பேப்பர்கூடப் படிக்காத மனுஷன் என்று எத்தனை தடவை சலித்துக்கொண்டிருப்பாய்!

உடனே கிளம்பிப் போனேன். அவர் பாதி எனக்கு, என் பாதி அவருக்கு. "முடிவச் சொல்லட்டாக்கா?" என்றார். "சொன்னீங்கன்னா கடைய ஒடச்சிருவேன் தம்பி" என்றேன். இருவரும் சிரித்தோம்.

இன்று பஸ்ஸில் முடித்தேன். கடைசியில் அண்ணன், தம்பி வீட்டு வாசலில் வந்து நிற்கிறான், "சாப்பிட்டாயா" என்று தம்பி கேட்கிறான். அந்த இடத்தில் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாய்: "இங்க அக்கா கண்டிப்பா அழுவும்."

நான் அழவில்லை, பர்வீன். உன் கோணல் எழுத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்துவிட்டேன், முன் சீட்டுக்காரிகள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த பக்கத்தில்தான் அழுதேன். அங்கே நீ ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

பயப்பட்ட மாதிரி எதுவும் முடிந்துவிடவில்லை. ரஃபீக் அடுத்த புத்தகம் எப்போது என்று கேட்கிறார், அவருக்கும் பின்பாதிதான் வேண்டுமாம். கட்டர் வாங்கிவிட்டேன். இனி நான் அறுக்கிற ஒவ்வொரு புத்தகத்தின் பின்பாதியும் குருபரப்பள்ளியில்தான் இறங்கும். டேப் மட்டும் நிஜமாகவே கடையில் வாங்குவேன்.

என்றும் உன் முன்பாதி,
சுமதி அக்கா