நிழலில் பறித்த தழை

அன்புள்ள செவ்வந்திக்கு,

நீயும் பாப்பாவும் நலமா? நான் நலம். போனில் கேட்டால் "நல்லாத்தான் கீறோம்" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓசூர் பட்டுப்புழுப் பண்ணையில் ஒரு சின்ன சங்கதி, பயப்படாதே. மேட்டுப் பாதை மழையில் வழுக்குகிறதென்று, புளியமரத்து நிழலில் வளர்ந்த மல்பெரித் தழையையே பத்து நாள் பறித்துப் போட்டேன். புழுக்கள் ஓயாமல் தின்றன, உடம்பு ஏறவில்லை. வேலை போய்விடுமோ என்று நடுங்கிவிட்டேன். கூட வேலை செய்யும் வாலாஜாபாத் தேவயானியக்கா தழையைக் கிள்ளிப் பார்த்தார்.

"நெயல்ல வளந்த தழையில இன்னா சத்து கீது? வெயிலை வெச்சுத்தான் செடி சாப்பாடு பண்ணிக்குது. அதைத்தானே புழு துன்னுது?"

அன்றிலிருந்து மேட்டில் வெயில் படும் தழையைச் சுமந்துவந்தேன். இரண்டு தட்டுப் புழுக்கள் செத்துவிட்டன. மற்றவை தேறி, நேற்று கூடு கட்டத் தொடங்கின.

பண்ணையிலிருந்து ஊருக்கு வரும் ஆனந்தன் திரும்பும்போது, அவனிடம் நீ போர்த்தும் போர்வையைக் கொடுத்தனுப்பு. துவைக்க வேண்டாம்.

செவ்வந்தி, மதியம் சாப்பிடுகிறாயா? நீ சாப்பிடுவதுதானே பாப்பாவுக்குப் பாலாகிறது. அங்கன்வாடியில் அவளை எடை போட்டு, உள்ளதை உள்ளபடி எழுது. குறைந்திருந்தாலும் மறைக்காதே. தழை பறிக்கக் கூப்பிடுகிறார்கள், போகிறேன்.

உன்
கலைச்செல்வன்