ஸ்னோ விழாத ஊரில் ஸ்னோ மெசின் தேடின உங்களுக்கு

என்ர இஞ்சேருங்கோவுக்கு,

கலியாணம் கட்டின நாள் தொட்டு உங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்ப எழுதப் பாத்தாலும் கை வருதில்லை. இஞ்சத்தைத் தமிழ்ச் சங்கத்து மலருக்கு உங்களைப் பற்றி எழுதித் தரச் சொல்லிக் கேட்டவை. நல்லவர், வல்லவர் எண்டு நாலு வரி எழுதி வைச்சிருந்தனான். போன ஞாயிற்றுக்கிழமை அதைக் கிழிச்சுப் போட்டன். அதுக்குப் பதிலாத்தான் இந்தக் கடிதம்.

அண்டைக்குக் காலமை ரொறன்ரோவில இருந்து உங்கட அண்ணை ஃபோன் எடுத்தவர். "பிள்ளை, மெசின் வந்து இறங்கியிட்டுது. நீயும் மகள் அபியும் எப்ப வாறியள்?" எண்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்ல. எந்த மெசின், எங்க வாறது? ஸ்னோ புளோவராம். டிராக்டரில பூட்டி, வீடுகளின்ர ட்ரைவ்வேயில கிடக்கிற ஸ்னோவை அள்ளி அங்கால வீசுறதாம். அவர் அந்தத் தொழிலைத் துவங்கப் போறாராம். ஒரு வருசமா நீங்கள்தான் பாத்துப் பாத்து அதைத் தெரிவு செய்து குடுத்தீங்களாம். வெளியில மழை தூறிக்கொண்டு இருந்தது. நியூசிலாந்தில, இந்த ஒக்லாந்தில புல்லில கொஞ்சம் வெள்ளை படிஞ்சாலே அது பெரிய புதினம்.

நீங்கள் மனுகாவில டிராக்டர் திருத்தின ஆள், அது சரி. அந்த வேர்க்ஷொப்பிலயே நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுந்து நாலு மாசம் ஆகுது. செத்த மனுசன் கனடாவில மெசின் பாத்து வைச்சிருக்கிறார் எண்டால் தலை சுத்தாதோ?

கராஜுக்குள்ள தேடினன். பெயின்ற் டின்னுகளுக்குப் பின்னால ஒரு பச்சை ஃபைல். அண்ணை அனுப்பின படப் புத்தகங்கள், ஃபேக்ஸ் கடுதாசியள், எல்லாத்திலயும் உங்கட கோழிக்கிறுக்கல். முதல் ஒரு பெரிய மெசினுக்கு வட்டம் போட்டு, பிறகு வெட்டியிருந்தீங்கள். அண்ணையின்ர டிராக்டர் அதைச் சுத்த மூச்சு வாங்குமாம். இன்னொண்டு ஒடுக்கமாம், டயர் போற அகலத்துக்கும் காணாதாம். எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. ஒரு நாளும் ஸ்னோவைக் கண்ணால காணாத ஆளுக்கு என்ன எடுப்பு எண்டு நினைச்சன்.

மூண்டாவது, டிராக்டருக்குப் பின்பக்கம் பூட்டுறது. விலையும் குறைவு, பூட்டுறதும் லேசு எண்டு நீங்களே எழுதியிருக்கிறீங்கள். ஆனால் ரிவேர்ஸிலதான் ஓட்ட வேணும். அதுக்குக் கீழ, "முழு நேரமும் திரும்பிப் பாக்க வேணும். கழுத்து விடாது" எண்டு ரெண்டு கோடு இழுத்திருந்தது. ஆரின்ர கழுத்து? உங்கட கழுத்து ரோட்டில போற எல்லாக் காருக்கும் திரும்புற கழுத்து. ஊரில ஷெல் துண்டு பட்டுத் திரும்பாமல் போனது என்ர கழுத்தல்லோ.

மிச்சத்தை நிலத்தில குந்தி இருந்துதான் வாசிச்சன். முன்பக்கம் பூட்டுற மெசின்தான் வேணும், விலை கூடினாலும் பரவாயில்லை. கல்லுச் சிக்கினால் உடையிற போல்ட்டை அவளே மாத்துவாள். சீற்றை முன்னுக்கு இழுக்க வேணும், அவளுக்குக் கால் எட்டாது. எல்லாம் அவள், அவள். ஒரு பக்கத்திலயும் நீங்கள் இல்லை.

போன வருசம் சனிக்கிழமைகளில வேர்க்ஷொப் வளவுக்குள்ள என்னை டிராக்டரில ஏத்தி ஓட்டப் பழக்கினீங்கள். மனுசனுக்குப் பொழுது போகேல்ல எண்டு நானும் பகிடியா ஓட்டினன். எல்லர்ஸ்லி ஒபிசில இருந்து கம்பியூட்டர் தட்டுற எனக்கு இது என்னத்துக்கு எண்டு ஒரு நாள் கேக்கவும் கேட்டன். தெரிஞ்சு வைச்சால் நல்லதுதானே எண்டு சொல்லி, துணியால கையைத் துடைச்சீங்கள்.

திரும்ப அண்ணைக்கு எடுத்தன். உங்கட பேர் ஏன் இந்த ஃபைலில ஒரு இடத்திலயும் இல்லை எண்டு கேட்டன்.

"அவனுக்கு டொக்டர் சொல்லிப்போட்டார், பிள்ளை. இதயம் கனகாலம் தாங்காது எண்டு. உனக்குச் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவன்."

நானும் அபியும் கனடாவுக்குப் போறதுக்கான பேப்பரும் லோயரிட்டைக் குடுத்தாச்சாம். அதில என்ர கையெழுத்தும் இருக்காம். இருக்கும்தானே. நீங்கள் பென்சிலால புள்ளடி போட்டுக் காட்டின இடத்தில எல்லாம் நான் வாசிக்காமலே கையெழுத்து வைச்சனான். இதை வாசிக்கிற பெம்பிளையள் எத்தினை பேர் இண்டைக்கும் அப்பிடித்தான் வைக்கினமோ?

எனக்கு உங்களில சரியான கோவம். ஒரு வருசம் பக்கத்தில இருந்து நான் போட்ட சோத்தைத் திண்டுகொண்டு, எப்பிடி உங்களுக்கு வாய் வராமல் போனது? சொல்லியிருந்தால் உப்பைக் குறைச்சிருப்பன். நீங்கள் களைச்சு வந்து படுக்கேக்க, சோம்பேறி எண்டு பேசாமல் விட்டிருப்பன். அந்தப் பேச்சை இப்ப எங்க போய்த் திருப்பி எடுக்கிறது?

மூண்டு நாள் அந்த ஃபைலையே புரட்டிக்கொண்டு இருந்தன். புதன்கிழமை அபி பள்ளிக்கூடத்தால வந்தவுடன ஃபைலை மேசையில விரிச்சு, ஒண்டும் ஒளிக்காமல் சொன்னன். கனநேரம் அழுதாள். பிறகு இங்கிலீசில ஒரு கேள்வி கேட்டாள், அம்மா, அப்பா உங்களைக் கேட்டவரோ எண்டு. இல்லை எண்டன். நான் உன்னைக் கேக்கிறன், போவமோ, இருப்பமோ எண்டன். என்ன பயமெண்டு அவளும் சொன்னாள், நானும் சொன்னன். தேத்தண்ணி ரெண்டு தரம் ஆறிப்போச்சு. கடைசியில இஞ்சயே இருக்கிறதெண்டு முடிவெடுத்தம்.

இண்டைக்கு அண்ணைக்குச் சொல்லிப்போட்டன், சீற்றைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டு நீங்களே ஓட்டுங்கோ எண்டு. அவர் அழுதார். மெசின் அந்த மாதிரி, அருமையா வேலை செய்யுதாம், தம்பி ஒரு பிழையும் விடேல்ல எண்டார்.

விட்டீங்களப்பா. அந்த ஒரு வருசமும் நீங்கள் தனியப் பயந்துகொண்டு இருந்திருக்கிறீங்கள். நான் பக்கத்தில குறட்டை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறன். என்னையும் எழுப்பியிருக்கலாம்.

எனக்கு ஏதும் நோய் வருத்தம் எண்டால் அண்டைக்கே அபிக்குச் சொல்லுவன். அவளை விட்டிட்டு நான் தனியப் பயப்பட மாட்டன். இது நான் உங்களுக்குத் தாற வாக்கு.

கோவம் ஆறாத உங்கட மனுசி,
ரதி