மேகசின் இல்லாமலும் சுடும்

மார்ச் 4

எங்கள் ராணுவ முகாமுக்குப் புதுக் கைத்துப்பாக்கிகள் வந்த மாதத்திலேயே ஓர் உயிர் போய்விட்டது. காவல் முடிந்து ஆயுத அறைக்கு வந்த மாமா, தோட்டா அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றிவிட்டு, துப்பாக்கி காலி என்று காட்ட விசையை அழுத்தியிருக்கிறார். எதிரே நின்ற டிரைவர் அங்கேயே விழுந்துவிட்டார்.

"மேகசினக் கழட்டிட்டுத்தான் மாப்ள அழுத்தினேன். தோட்டா எங்கேருந்து வந்துச்சு?" அதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். ராணுவ போலீஸார் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

மார்ச் 5

துப்பாக்கியைச் சோதிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. சுட்டவர் என் அக்கா வீட்டுக்காரர் என்று மேஜரிடம் சொன்னேன். "உன்ன விட்டா இங்க ஆயுத மெக்கானிக் யாரு இருக்கா? நான் பக்கத்துல நிக்கிறேன், பாரு" என்றார்.

அக்கா போனில் அழுதாள். "ஏதாவது ஒரு ஸ்பிரிங் சரியில்லன்னு சொல்லிடுடா. துப்பாக்கிக்கு என்ன, பொண்டாட்டி புள்ளையா இருக்கு?"

மார்ச் 6

ஒரே நம்பிக்கை அந்தக் கொக்கி. துப்பாக்கியின் மேல்பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுக்கும்போது குழலில் இருக்கும் தோட்டாவைக் கவ்வி வெளியே எறிவது அதுதான். அது தேய்ந்திருந்தால் தோட்டா உள்ளேயே தங்கிவிடும். அப்படியென்றால் மாமா மேல் தப்பில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். புத்தம் புதிது. மருந்தில்லாத தோட்டாக்களைப் போட்டு இழுத்தேன். ஒன்று விடாமல் எறிந்தது. ஒரே ஒரு தடவை சொதப்பித் தொலையக் கூடாதா, சனியனே!

மார்ச் 7

ஆயுத அறையின் மணல் பெட்டிக்குப் பின்னால் சுடாத தோட்டா ஒன்று கிடந்தது. பக்கத்தில் யாருமில்லை.

முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும், அப்புறம்தான் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாமா மாற்றிச் செய்திருக்கிறார். குழலில் இருந்தது தெறித்து இங்கே விழுந்திருக்கிறது. மேகசினில் இருந்த அடுத்தது உள்ளே ஏறிவிட்டது. பழைய துப்பாக்கியில் மேகசினைக் கழற்றினாலே விசை பூட்டிக்கொள்ளும். எப்படி மாற்றிச் செய்தாலும் வெடிக்காது. இத்தனை வருடமாகக் கை அதற்கே பழகிவிட்டது. புதியதில் அந்தப் பூட்டு இல்லை.

தோட்டாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசல் வரை போனேன். டிரைவரின் தொப்பி இன்னும் ஆணியில் தொங்குகிறது — எடுத்துப் போக யாருக்கும் தோன்றவில்லையா? மேஜரிடம் தோட்டாவைக் கொடுத்துவிட்டேன்.

"பழைய பழக்கம் சார். பாதிப் பேர் இன்னும் இப்படித்தான் செய்றாங்க."

"அதான் பயிற்சி குடுத்தாச்சுல்ல?" என்றார். அவ்வளவுதான்.

மார்ச் 8

சாப்பிடவில்லை. அக்காவின் போனையும் எடுக்கவில்லை.

ஜூன் 19

தீர்ப்பு வந்துவிட்டது. மாமாவுக்கு ஏழு வருடம் ஜெயில்.

அக்கா மாமாவின் பெட்டியை வாங்கிப் போக வந்தாள். "துப்பாக்கி நல்லதுன்னு சொன்னியே, மனுஷன் நல்லவருன்னு ஒரு வார்த்தை சொன்னியாடா?"

சொல்லவில்லை. விசாரணையில் துப்பாக்கியைப் பற்றி மட்டும்தான் கேட்டார்கள். நானாவது சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன ஆகியிருக்கும்?

ஜூலை 2

கோளாறு இல்லாததால் அந்தத் துப்பாக்கி என்னிடமே திரும்பி வந்தது. எண்ணெய் போட்டு அடுக்கில் வைத்தேன். இன்று காலைக் காவலுக்குப் போனவன் கைக்கு அதுதான் போனது.

"இது நல்லதாண்ணே?"

"நல்லதுதான்."

மாலையில் ஒப்படைக்க வந்தான். அவன் கை முதலில் ஸ்லைடுக்குத்தான் போனது. எட்டிப் பிடித்துக்கொண்டேன். "என்னண்ணே?" என்று சிரித்தான். மேகசினைக் கண்ணால் காட்டினேன். கையை விடவில்லை.