மூடியைப் போட்டுப் பார்த்தவள்

செவ்வாய், இரவு.

நஸ்ரினை நினைத்து நித்திரை வரவில்லை. எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

துறைமுகத்துப் படகுகளின் தொடர்புக் கருவிக்காக நான் மாதக்கணக்கில் வடிவமைத்த நுண்ணலை வடிகட்டியில்தான் சிக்கல். மின்னழுத்தத்தை மாற்றினால், மூன்று அலைவரிசைகளில் வேண்டியதை மட்டும் உள்ளே விடும். மேசையில் அருமையாக வேலை செய்தது. நேற்றுப் படகில் பூட்டினோம், மூன்றுமே இடம் விலகிவிட்டன. உப்புக்காற்றுதான் காரணம் என்று மேலாளரிடம் அடித்துச் சொன்னேன்.

இன்று காலை, கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் எங்கள் புதிய பொறியியலாளர் நஸ்ரின், அந்த வடிகட்டிப் பெட்டியை மேசையில் வைத்து உலோக மூடியைப் பூட்டினாள். அளவுக் கருவியின் திரையில் அலைவரிசையைக் காட்டும் கோடு நகர்ந்தது.

"அக்கா, மூடினாத்தான் விலகுது. கடல்ல பிழையில்ல."

எனக்கு முகம் சுட்டது. இத்தனை நாளும் வசதிக்காக மூடியைத் திறந்து வைத்தே அளந்திருக்கிறேன்; படகில்தான் முதன்முதலாக மூடினோம். அவளோ அதோடு நிற்கவில்லை. மூடியைக் கழற்றாமலே ஒவ்வொரு அலைவரிசைக்கும் வேண்டிய மின்னழுத்தத்தைப் புதிதாக அளந்து அட்டவணை போட்டாள். ஒரு பாகத்தைக்கூட மாற்றவில்லை. மத்தியானத்துக்குள் மூன்றும் சொன்ன இடத்தில் வந்து நின்றன. என்ன பொறுமை, என்ன கை! வாய் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மேலாளர் வந்து, "என்ன பிழை நடந்தது?" என்று கேட்டார்.

"நாங்க மூடியத் திறந்து வச்சு அளந்திட்டம், சேர்" என்றாள்.

நானும் ஆமென்று தலையாட்டிவிட்டேன். நாளைக்கு முதல் வேலையாக அவரிடம் உண்மையைச் சொல்ல வேண்டும். நான் அளந்த நாட்களில் நஸ்ரின் இங்கே வேலைக்கே சேர்ந்திருக்கவில்லை.