வாசல் பக்கத்துப் பை

அன்புள்ள அம்மா,

நான் சுகம்தான். உன் முழங்கால் வலி மட்டுப்பட்டதா?

மலையேறுகிற குழுவுக்குச் சமைக்க வந்த நான், இத்தனை நாளும் அவர்களோடு ஊர்தான் சுற்றினேன். கடைத்தெருவில் ஆட்டம் பாட்டமெல்லாம் பார்த்தோம். எதுவும் மனசில் ஒட்டவில்லை.

இன்றுதான் மலைக்குக் கிளம்புகிறோம். மேலே தேவைப்படாததை, தங்கியிருக்கிற விடுதியிலேயே விட்டுப் போகவேண்டும். என் பையை வைக்கப் போனால், அறை முழுக்கத் தூசி படிந்த பைகள். "திரும்பி வராதவங்களோடது தம்பி," என்றார் விடுதிக்காரம்மா. "உனக்கு ஏதாச்சும் ஆனா எடுக்க யார் வருவாங்க?"

உன்னைச் சொல்லிவிட்டேன். பஸ் ஏறினாலே வாந்தி எடுக்கிற உன்னை! சிரிப்புத்தான் வந்தது.

என் பழைய சட்டைகளை யாருக்கும் கொடுத்துவிடாதே. வண்டிக்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன்.

உன் மகன்

பி.கு.: பை பச்சை நிறம். வாசல் பக்கமாகத்தான் வைத்திருக்கிறேன்.