கம்பி மேலேயே விழுந்தால்?

என் அருமைக் கூட்டாளி சுலோவுக்கு,

உட்கார முடியவில்லை. இந்த முதல் வரியை எழுதுவதற்குள் இரண்டு முறை எழுந்து போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே யாரும் இல்லை, யாரும் வருவதாகவும் இல்லை. எதிர்வீட்டு பவர்லூம் மட்டும் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது. நீ இருந்தால், "இன்னாடி, கால்ல வெந்நி ஊத்திகினா மாரி நிக்கிற?" என்று கேட்டிருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் மகள் கலைக்கு வேலை கிடைத்துவிட்டது. சென்னையில், பாரிமுனைப் பக்கம், கப்பலில் சரக்கு அனுப்பிவைக்கும் ஒரு கம்பெனியில். நீயும் நானும் தட்டுத்தடுமாறிப் போட்ட அதே கப்பல் பேப்பர்களைப் போடுகிற வேலை. திங்கட்கிழமை சேர வேண்டும். இன்று சனி. நாளை மதியம் கிளம்பினால்தான் ஹாஸ்டலில் பெட்டியை வைத்துவிட்டு மறுநாள் ஆபீஸ் போக முடியும்.

உன் வீட்டுக்காரர் மணி அண்ணன் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். "கஸ்தூரி கூடப் போனா அனுப்பறேன். இல்லனா இந்த வேல வாணாம்." அவ்வளவுதான். நான் இன்னும் பதில் சொல்லவில்லை, சுலோ. நீ போனதிலிருந்து ஆற்காடு தாண்டிச் சென்னை ரோட்டில் நான் போனதே இல்லை என்பது ஊருக்கே தெரியும். அவருக்குத் தெரியாதா?

உனக்குத் தெரிந்த கதையையே உனக்குச் சொல்லப் போகிறேன், பொறுத்துக்கொள். இன்று எதையாவது சொல்லிக்கொண்டிருந்தால்தான் என்னால் இருக்க முடியும்.

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூர் கண்காட்சியில் உன் துணியைத் தடவிப் பார்த்துவிட்டுப் போன வெள்ளைக்கார அம்மாவை நினைவிருக்கிறதா? நம் ஆரணி ஊரே சேலை நெய்துகொண்டிருக்க, திரைச்சீலைக்கும் மெத்தை உறைக்கும் பட்டுத் துணி வேண்டும் என்று ஹாம்பர்க்கிலிருந்து ஃபேக்ஸ் அனுப்பினாளே, அவள்தான். பஸ் ஸ்டாண்டு எஸ்.டி.டி. பூத்தில் நின்றுகொண்டே அதைப் படித்தோம். எஃப்.ஓ.பி., அதாவது ஃப்ரீ ஆன் போர்டு என்று போட்டிருந்தது. உனக்கு முகம் சிவந்துவிட்டது. "ஃப்ரீன்னு போட்டுகீறாளேடி! நாம இன்னா அன்னதானமா பண்றோம்?" பூத்துக்காரர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் கேட்கிறது.

அதற்குக் கீழே இன்னொரு வரி. சரக்கு 'ஷிப்ஸ் ரெயிலை'த் தாண்டும் வரை என்ன ஆனாலும் உங்கள் பொறுப்பு, தாண்டிய பிறகு என் பொறுப்பு. நான் அகராதியைப் பார்த்தேன். ரெயில் என்றால் தண்டவாளம். அப்புறம் என்ன சந்தேகம்? மரப்பெட்டியை பஸ் மேல் ஏற்றிக்கொண்டு, ஆரணி ரோடு என்று பெயரை மட்டும் வைத்துக்கொண்டு களம்பூரில் உட்கார்ந்திருக்கும் அந்த ரயில் நிலையத்துக்குப் போனோம். நெல் மூட்டைகளுக்கு நடுவே பெட்டியை இறக்கிவிட்டு, "சார், இத கப்பலுக்கு அனுப்பணும்" என்றாய் நீ. ஸ்டேஷன் மாஸ்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி உன்னைப் பார்த்தார். "கப்பலுக்காம்மா? இங்க பாசஞ்சர் வண்டியே ஒழுங்கா வரமாட்டேங்குது."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்த வழியெல்லாம் நீ என்னைத் திட்டினாய். அகராதி என்னுடையது என்பதால்.

கடைசியில் பாரிமுனையில், துறைமுக வேலைகளை முடித்துக் கொடுக்கும் காதர் பாய்தான் நம்மை உட்கார வைத்துப் புரியவைத்தார். ரெயில் என்றால் கப்பலின் ஓரத்தில் ஓடும் கைப்பிடிக் கம்பி. கிரேன் பெட்டியைத் தூக்கும். கம்பிக்கு இந்தாண்ட விழுந்தால் நஷ்டம் நமக்கு, அந்தாண்ட விழுந்தால் ஹாம்பர்க் அம்மாவுக்கு. மேஜை விளிம்பைக் கம்பியாகவும் டீ கிளாஸைப் பெட்டியாகவும் வைத்துக் காட்டினார். நீ கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாய்: "பாய், கம்பி மேலயே விழுந்தா?"

மனிதர் சிரித்த சிரிப்பில் டீ சிந்திவிட்டது. "இத்தினி வருசமா இந்தத் தொழில்ல கீறேன், ஒருத்தரும் இந்தக் கேள்விய கேக்கலம்மா." பதில் மட்டும் அவர் சொல்லவில்லை. நீயும் விடவில்லை. அவரைப் பார்க்கும்போதெல்லாம் கேட்டாய்.

அதன் பிறகு உனக்கு இந்த வார்த்தைகள் பொம்மைகள் மாதிரி ஆகிவிட்டன. வாங்குகிறவனே நம் வாசலுக்கு வந்து, வண்டி வைத்து எடுத்துக்கொண்டு போனால் அது எக்ஸ் வொர்க்ஸ். "எங்க வீட்டுக்காரரு என்னை எக்ஸ் வொர்க்ஸ்ல எடுத்துகினு போனாரு, வண்டிக் கூலி கூட அவருதுதான்" என்று மணி அண்ணனை வைத்துக்கொண்டே சொல்வாய். கப்பல் கூலி, இன்ஷூரன்ஸ் எல்லாம் விற்கிறவன் தலையில் என்றால் சி.ஐ.எஃப். "உன்னுது அதான்டி. உங்கப்பன் சீரு ஏத்தி, லாரி வெச்சு, கொண்டாந்து எறக்கிட்டுப் போனாரு." என் வீட்டுக்காரர் இதற்குச் சிரிப்பதா முறைப்பதா என்று தெரியாமல் நிற்பார். கலை அப்போது சின்னப் பெண், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இப்போதுதான் தெரிகிறது.

பால் பொங்கிவிட்டது. அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து எழுதுகிறேன். எங்கே விட்டேன்?

ஊர்ப் பெயரால் வந்த பேஜார் ஞாபகம் இருக்கிறதா? வங்கியின் உத்தரவாதக் கடிதத்தில் ஆரணியை வெள்ளைக்காரன் காலத்து எழுத்தில், ஒரு 'ஏ' குறைத்து எழுதியிருந்தார்கள். நாம் பில்லில் முழுதாக அடித்தோம். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்று வங்கி பேப்பர்களைத் திருப்பி அனுப்பிவிட்டது. "ஒரு ஏவுக்காக எங்க ஊரே இல்லேன்றீங்களா சார்?" என்று மேனேஜரிடம் எகிறினாய். இனி அந்த மாதிரி எழுத்துகளைப் பார்த்துச் சரிசெய்வதுதான் உன் மகளுக்கு வேலை. உன் மூக்கும் கோபமும் அவளுக்கு அப்படியே இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் பாவம்.

இனி எழுத வேண்டியதை எழுதிவிடுகிறேன்.

அன்றைக்கு நான் வேலூரில் என் தங்கை மகள் காதுகுத்தில் இருந்தேன். எப்போதும் இரண்டு பேரும் சேர்ந்து கொண்டுபோகிற சரக்கோடு அன்று நீ தனியாகச் சென்னைக்குப் போனாய். வாலாஜாவைத் தாண்டி வேன் புளியமரத்தில் மோதியது. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது வாசலில் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். "நீங்க அவங்களுக்கு யாரும்மா?" எனக்கு வாயில் வந்த வார்த்தை 'பார்ட்னர்'. வியாபாரக் கூட்டாளி என்றேன். "சொந்தக்காரங்கள மட்டும்தாம்மா விடுவோம், கொஞ்சம் வெளியில நில்லுங்க" என்றார். நின்றேன். மணி அண்ணன் வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது.

துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, சுலோ. ஒரு பெட்டியின் மூலை நசுங்கியதோடு சரி. காதர் பாய் வேறு வண்டி அனுப்பி எடுத்துப்போய்க் கப்பலில் ஏற்றினார். அது கம்பியைத் தாண்டிவிட்டது. பெட்டிக்கு இன்ஷூரன்ஸ் எடுத்த நீ, உனக்கென்று ஒன்றும் எடுக்கவில்லை. இதை நினைத்தால் இப்போதும் எனக்கு உன் மேல்தான் ஆத்திரம் வருகிறது. துக்கம் அதற்கு அப்புறம்தான்.

கம்பி தாண்டும் வரை நம் பொறுப்பு என்றால், நீ யார் பொறுப்பில் போனாய்? உன்னுடையதா, என்னுடையதா, அந்த டிரைவருடையதா? என் தப்பு இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் ஒத்துக்கொண்டேன். ஆனால் கேள்வி போகவில்லை, அதற்கு நான் என்ன செய்வது?

வியாபாரத்தை நிறுத்தவில்லை. நீ பேயாக வந்து அடிப்பாய் என்று பயம். ஆனால் எல்லாவற்றையும் எக்ஸ் வொர்க்ஸ் ஆக்கிவிட்டேன். யாருக்குத் துணி வேண்டுமோ அவர்களே ஆரணிக்கு வண்டி அனுப்பி, என் வாசலில் இருந்து எடுத்துக்கொள்ளட்டும். வாசப்படிக்கு அந்தப் பக்கம் எதற்கும் நான் பொறுப்பில்லை. ஹாம்பர்க் அம்மா ஒரு வார்த்தை கேட்காமல் ஒத்துக்கொண்டாள். படவேட்டுக்கு அம்மனைப் பார்க்கப் போவேன், சந்தவாசல் வழியாகப் போளூர் போவேன். மேற்கே எல்லாம் போவேன். கிழக்கே மட்டும் போகமாட்டேன்.

நேற்று கலை வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள்.

"பெரீம்மா, நீ இன்னா முடிவு பண்ண?"

"உங்கப்பாவையே கூடப் போகச் சொல்லேன்டி."

"அவரால முடியாது பெரீம்மா. வாலாஜா பேரு எழுதின பஸ்ஸ பாத்தாலே மொகத்த திருப்பிக்கிறாரு. அதான் உன்ன சொல்றாரு. உன்னாலயும் முடியாதுன்னு அவருக்குத் தெரியும். அப்ப வேலையும் வாணாம்னு ஆயிடும்ல?"

எனக்குச் சுருக்கென்றது. மணி அண்ணன் அப்படிக் கணக்குப் போடுகிறவர் இல்லை. ஆனால் பயம் யாரை எப்படி நினைக்க வைக்கும் என்று எனக்குத் தெரியாதா?

"நீ எக்ஸ் வொர்க்ஸ் ஆயிட்ட பெரீம்மா" என்றாள். "துணிக்கு மட்டும் இல்ல. உனக்கே."

கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வைக்கவில்லை. உன் குரல் மாதிரியே இருந்ததடி அது.

பிறகு அவளே சமாதானமாகி, பக்கத்தில் குந்தி ஒரு சேதி சொன்னாள். அதைச் சொல்லத்தான் உனக்கு இத்தனை பக்கம் எழுதினேன் என்று நினைக்கிறேன். அவள் படித்த கப்பல் படிப்பில் வாத்தியார் சொன்னாராம். உலகத்துக்கெல்லாம் பொதுவாக இந்த வார்த்தைகளுக்கு அர்த்தம் எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார்களாம். அடுத்த பதிப்பில் அந்தக் கம்பியே இருக்காதாம், சுலோ! பெட்டி காற்றில் கம்பியைத் தாண்டினால் மட்டும் போதாதாம். கப்பலின் தளத்தில் பத்திரமாக இறக்கி வைக்கிற வரை அனுப்புகிறவர்தான் பொறுப்பாம்.

"அப்ப கம்பி மேலயே விழுந்தா?" என்று நான் கேட்டேன். உன் கேள்வி, என் வாயிலிருந்து வந்துவிட்டது.

"அனுப்புறவங்களுதுதான் பெரீம்மா. நம்மளுது."

உன் கேள்விக்கு ஒருவழியாகப் பதில் வந்துவிட்டது. காதர் பாய்க்கு உடனே போன் போட்டு, கலையின் வேலையோடு சேர்த்து இதையும் சொன்னேன். வயதாகிவிட்டது, காது மந்தம். இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும், "அந்தம்மா கேட்டது சரியான கேள்விதாம்மா" என்றார். பிறகு, "பொண்ண எப்ப அனுப்புறீங்க?" என்று கேட்டார். சிக்னல் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தப் புளியமரம் இப்போது இல்லையாம். ரோட்டை அகலப்படுத்த வெட்டிவிட்டார்களாம். நடுவில் அரளிச்செடி வைத்திருக்கிறார்களாம். போய் வந்தவர்கள் சொன்னார்கள். மரம் இல்லாவிட்டால் எந்த இடம் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே கடந்துவிடுவேனோ? அது நல்லதா, கெட்டதா? நீயே சொல்லேன்.

பயம் போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். இரண்டு மாசம் மூத்தவள் என்று நான் பீற்றிக்கொண்டபோதெல்லாம், "ரெண்டு மாசத்துக்கு அக்காவா? போடி" என்று சொன்னவள் நீ. அந்த இரண்டு மாசத்துக்கு இன்று வேலை வந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நேராக உன் வீட்டுக்குத்தான் போகிறேன். மணி அண்ணனிடம் சொல்லிவிடுகிறேன். நாளை மதியப் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் கலையை உட்கார வைப்பேன், அவள் பக்கத்தில் நான். வாலாஜா வரும்போது கண்ணை மூடிக்கொண்டாலும் மூடிக்கொள்வேன், நீ சிரிக்கக் கூடாது. பாரிமுனையில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட மாட்டேன். ஹாஸ்டல் படி ஏறி, அவள் கட்டிலில் பெட்டியை நானே வைத்து, மறுநாள் அவள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான் கிளம்புவேன். கம்பியில் விட்டுவிட்டு வரமாட்டேன், தளத்தில் வைத்துவிட்டுத்தான் வருவேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஹாஸ்டல் வாசலில் யாராவது கையை நீட்டிக் கேட்பார்கள், நீங்க இந்தப் பொண்ணுக்கு யாரும்மா என்று. இந்த முறை நான் வெளியில் நிற்கமாட்டேன், சுலோ.

நீ ஒத்துக்கொள்ளாவிட்டாலும்,
உன் அக்கா,
கலையின் பெரியம்மா,
கஸ்தூரி