இரண்டு வகுப்பு கீழே

ஜூன் 9

சிட்டு அப்பாவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்தோம். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே வீடு. சமையலறையில் திரும்பினால் முழங்கை இடிக்கும், வெளிச்சத்துக்குக் குறையில்லை. திங்கட்கிழமை முதல் வார்டு டியூட்டி.

சொன்னால் கோபப்படுவீர்கள், சொல்லாமலும் முடியாது. ஏழாம் வகுப்புக்குப் போகவேண்டிய சிட்டுவை ஐந்தில் போட்டிருக்கிறார்கள். இந்த நாட்டில் ஏழு வயதில்தான் ஒன்றாம் வகுப்பே. "எங்க ஊர்ல ஆறு முடிச்சுட்டா மேடம்" என்றேன். "வயசு பதினொண்ணுதானே? என்ன அவசரம்?" என்று சிரித்தார் தலைமையாசிரியை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிட்டு அம்மா

ஜூன் 21

சிட்டு அம்மாவுக்கு,

ஐந்தா? பின்னால் நடக்கவா என் பெண் எல்லை தாண்டினாள்? ஸ்டாஃப் ரூமில் கேட்கிறார்கள், முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? பதினோராவது ரேங்க்கிலிருந்து நாலாவதுக்கு அவளைக் கொண்டுவர எவ்வளவு பாடுபட்டேன்!

நீ வேலைக்குப் போவதை நான் தடுக்கவில்லை. சரி, தடுத்தேன். ஆனால் இது அவள் படிப்பு. அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் அவளை அனுப்பிவிடு. பள்ளியில் அவள் இடத்தைச் சொல்லி வைத்திருக்கிறேன். வர மறுத்தால் நானே வந்து கூட்டிப்போவேன்.

இங்கே மழை. மாடி ஒழுகுகிறது.

சிட்டு அப்பா

ஆகஸ்ட் 14

சிட்டு அப்பாவுக்கு,

பதில் எழுதத் தாமதித்ததற்கு வேலை மட்டும் காரணமில்லை.

இங்கே ரேங்க் கிடையாது. வகுப்பில் பதினெட்டே பேர். வாய்ப்பாடு யாருக்கும் தெரியவில்லை! சிட்டு பதினேழாம் வாய்ப்பாட்டை மூச்சுவிடாமல் ஒப்பித்ததும் மொத்த வகுப்பும் அவளைச் சுற்றிக்கொண்டதாம். டீச்சர் கேட்டாராம், "யாரும்மா சொல்லிக்கொடுத்தது?" "எங்கப்பா. அவர்தான் எங்க கணக்கு சார்" என்றாளாம். அவ்வளவு பெருமை.

இன்னொன்றும் டீச்சர் சொன்னார். முதல் வாரம் ஒரு கணக்குத் தப்பாகிவிட்டதாம். நோட்டைக் காட்டிவிட்டு வலது கையை நீட்டிக்கொண்டு நின்றாளாம். எதற்கென்று அவருக்குப் புரியவில்லை. பிடித்துக் குலுக்கினாராம்.

அனுப்பச் சொன்னால் அனுப்புகிறேன். இதைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

சிட்டு அம்மா

செப்டம்பர் 10

அன்புள்ள சிட்டு அம்மாவுக்கு,

உன் கடிதம் மூன்று வாரமாகச் சட்டைப்பையில் இருக்கிறது. துவைத்து ஒருமுறை நனைந்தும் போனது.

மற்ற பிள்ளைகளைவிட அவளுக்கு ஒரு அடி அதிகமாகவே போட்டிருக்கிறேன். சார் பெண்ணுக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று. அவள் ஒருநாளும் வீட்டில் சொல்லவில்லை, இல்லையா?

பிரம்பு இப்போது உயரத்திலுள்ள ஜன்னலைத் திறக்க உதவுகிறது. ஐம்பத்தெட்டுப் பேரை அது இல்லாமல் சமாளிக்கத் தெரியாமல் திண்டாடுகிறேன். போன வாரம் ஹெட்மாஸ்டர் எட்டிப் பார்த்து, "வகுப்பா சார் இது, சந்தையா?" என்றார். "சந்தேகம் கேக்குறாங்க சார்" என்றேன். பாடம் இரண்டு பின்தங்கிவிட்டது. ஆனால் கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி, வாயே திறக்காதவள், கரும்பலகைக்கு வந்து என் தப்பைத் திருத்தினாள்.

சிட்டு அங்கேயே படிக்கட்டும். வாய்ப்பாட்டை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்.

அவளுக்குத் தனியாக நாலு முறை எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். நீ எடுத்துச் சொல்வாயா?

உன் கணக்கு வாத்தியார்

செப்டம்பர் 22

அன்பானவருக்கு,

நான் சொல்ல மாட்டேன். அதை நீங்கள்தான் அவளிடம் சொல்ல வேண்டும், நேரில்.

அடுத்த மாதம் உங்கள் பள்ளி விடுமுறைக்கு வாருங்கள். இங்கே அப்போது பள்ளி உண்டு, பெற்றோர் ஒருநாள் வகுப்பில் உட்காரலாமாம்; சிட்டு உங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள், என்னைக்கூடக் கேட்கவில்லை. பஸ் காலை ஏழுக்கு வரும். இருவரும் வந்து நிற்போம்.

வீட்டில் இரண்டே கட்டில். பக்கத்து வீட்டில் இன்னொன்று கேட்கலாமா என்று யோசித்தேன்.

கேட்கவில்லை.

உங்கள்
நான்